புல்லும் காடுதான்

பவானி ஆயக்கட்டு விவசாயப் பெருமக்களே, மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் சோளகர், ஊராளி, இருளர் சொந்தங்களே, தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே நின்று கேட்கும் தம்பி தங்கைகளே!

எனக்கு முன்னால் பேசிய நால்வரும் மரம் நடச் சொன்னார்கள். மேடை ஏறும்போது என் கையிலும் ஒரு வேப்பங்கன்றைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். வாசலில் வைப்பேன், தண்ணீரும் ஊற்றுவேன். வேம்பால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் ஆளுக்கொரு கன்றை வாங்கிக்கொண்டு, காட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு இந்தப் பந்தலை விட்டு நீங்கள் வீட்டுக்குப் போனால், அந்த நிம்மதிதான் காட்டுக்குப் பெரிய ஆபத்து. அதைச் சொல்லவே வந்தேன். கசந்தாலும் உட்கார்ந்து கேளுங்கள்.

நான் படித்த பள்ளியில் வாசலுக்கு வலப்பக்கம் ஒரு குழி இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு விருந்தினர் வந்து அந்தக் குழியில் கன்று நடுவார். நாங்கள் கைதட்டுவோம். கோடை விடுமுறை முடிந்து போனால் குழியில் குச்சி நிற்கும். அந்தக் குச்சியைப் பிடுங்கிப் போட்டு, அடுத்த விருந்தினருக்காக அதே குழியைக் கொத்திச் சரிசெய்து வைப்பதும் எங்கள் வேலைதான். ஐந்து ஆண்டுகளில் ஐந்து கன்றுகள். பள்ளிக்குப் பின்னால் ஓடைக்கரையில் புங்கும் நொச்சியும் ஆவாரையும் யாரும் நடாமல் தாமாக வளர்ந்து ஒரு சின்னக் காடாகவே நின்றன. காடை அங்கே முட்டையிடும், கீரி ஓடும். நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு, சைக்கிள் நிறுத்த இடம் வேண்டும் என்று அரை நாளில் அதை வழித்து எடுத்தார்கள். எங்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உட்படத்தான். கன்று நட்டபோது கைதட்டிய அதே கைகள்.

அந்தக் குழியும் அந்த ஓடைக்கரையும் இத்தனை ஆண்டாக என் மனதை விட்டுப் போகவில்லை. நாடே அந்தப் பள்ளிக்கூடத்தைப் போலத்தான் நடந்துகொள்கிறது. நடுவதற்கு விழா எடுக்கிறோம், இருப்பதை இழக்கும்போது வாய் திறப்பதில்லை.

இனி நம் தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். கீழ்பவானி வாய்க்காலில் மதகு தூக்கினால் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் நனைகிறது. கொடிவேரியிலிருந்து தடப்பள்ளியும் அரக்கன்கோட்டையும் பிரிகின்றன. அதற்குக் கீழே 700 ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் காலிங்கராயன் வாய்க்கால். இவ்வளவுக்கும் மூலம் இரண்டே ஆறுகள். ஒன்று பவானி. மேல்பவானிப் பக்கம் பிறந்து, கேரளத்துக்குள் போய், அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு மறுபடி நம்மிடம் திரும்பி வருகிற ஆறு. இன்னொன்று மாயாறு. முக்குர்த்தி மலையடியில் புறப்பட்டுப் பைக்காராவாக ஓடி, பிறகு மாயாறு என்று பேர் மாறி, முதுமலையைக் கடந்து பவானிசாகரில் வந்து சேர்கிறது. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தது. அணையைக் கட்டியவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அணைக்குத் தண்ணீரை அனுப்பும் மலையை நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

நான் போனேன். வனத்துறையின் அனுமதி வாங்கி, ஒரு பிப்ரவரி மாதம், முக்குர்த்திப் பக்கம். நீங்கள் நினைப்பது போல அது அடர்ந்த காடு இல்லை. குன்று குன்றாகப் புல்வெளி. உறைபனியில் கருகிப் பழுப்பாகக் கிடந்தது. முதல் பார்வைக்கு நம் ஊர் மேய்ச்சல் தரிசு மாதிரிதான் இருந்தது. கூட வந்த காவலர் குனியச் சொன்னார். புல் குத்துகளுக்கு நடுவே கையை விட்டேன். கை குளிர்ந்தது. மண் கரியைப் போலக் கறுப்பு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன். விரலிடுக்கில் நீர் கசிந்தது. மழை நின்று எத்தனை வாரம்! வெயிலும் பனியும் மாறி மாறி அடித்தும் அந்த மண் ஈரத்தை விடவில்லை. இரண்டு குன்றுக்கு நடுவே உள்ள மடிப்பில் ஒரு சோலை. குட்டையான, முறுக்கேறிய, பாசி போர்த்திய மரங்கள். அந்தச் சோலையின் காலடியில் விரல் மொத்தத்துக்கு ஒரு நீர்க்கோடு. சத்தம்கூட வராது. அப்படிப்பட்ட விரல் மொத்தங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துதான் கோபியில் உங்கள் வயலுக்குள் கால்வைக்கிற தண்ணீர் ஆகிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து ஒரு சீகை மரத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். மேலே பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் அதைத்தான் காடு என்று யாரும் சொல்வார்கள். உள்ளே காலடியில் சருகு நொறுங்குகிறது. புல் கிடையாது, பூ கிடையாது. அங்கேயும் ஒரு மடிப்பு, அதில் ஓர் ஓடைத் தடம். கல்லைத் தொட்டால் வெயில் சூடு. ஒரே மலை, ஒரே மழை, ஒரே மாதம். ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ந்த கல். நான் எந்தப் புத்தகத்தில் படித்ததைவிடவும் அந்த இரண்டு ஓடைத் தடங்களும் எனக்கு அதிகம் சொன்னன.

அந்தச் சீகை அங்கே எப்படி வந்தது? வெள்ளைக்காரர்கள் ஊட்டியை ஊராக்கியபோது சோலைகளை விறகுக்கு வெட்டித் தீர்த்தார்கள். விறகுப் பஞ்சம் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து, கற்பூர மரம் என்று சொல்கிற தைலமரத்தையும் சீகையையும் கொண்டுவந்தார்கள். புல்வெளி அவர்கள் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்தது. தோடர்களின் எருமை மேய்ந்த நிலம், அவர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்ந்த புல், வரையாடு பிழைத்த மலை, எல்லாம் ஒரே சொல்லில் 'தரிசு'. வெள்ளைக்காரன் போட்டது பிள்ளையார் சுழிதான். அதை நீட்டி எழுதியது நாம். விடுதலைக்குப் பிறகுதான் பெருமளவில் நட்டோம். தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று குன்று குன்றாகப் புல்லை மூடினோம். அதற்கு அன்று வைத்த பேரும் 'காடு வளர்ப்பு' என்பதுதான். நல்ல எண்ணத்தோடு, வியர்வை சிந்தி, அரசாங்கப் பணத்தில், நம் நீரூற்றின் தலையில் நாமே மூடி போட்டோம்.

இது என் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். பைக்காராவுக்கு அருகே கிளன்மார்கனில், உதகையின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் பள்ளத்தாக்குகள். ஒன்றை அப்படியே விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேற்பட்ட இடத்தில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டிலிருந்தும் வெளியே வரும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பள்ளத்தாக்கில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டை மறுபடி துளிர்த்த அடுத்த பத்தாண்டில் குறைவு இன்னும் கூடியது. கோடையில் ஓடையைக் காக்கிற ஊற்று நீரும் அதோடு சேர்ந்து குறைந்தது. காரணம் எளிது. அந்த மலைப் புல் குளிர்காலத்தில் உறங்கிவிடும். கற்பூர மரமும் சீகையும் பன்னிரண்டு மாதமும் குடிக்கும்.

சின்னப் பள்ளத்தாக்கில் அளந்த கணக்கை அப்படியே பவானிசாகருக்குப் பெருக்கிவிட முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒற்றைப்படை மதகா, இரட்டைப்படை மதகா என்று முறை வைத்து, ஒரு நனைப்புக்காக அதிகாரி வீட்டு வாசலில் நின்றவர்கள் நாம். ஒரு நனைப்பு தவறினால் நிலக்கடலை என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மலையில் குறைந்த தண்ணீருக்காக நாம் கீழே அண்ணன் தம்பிக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பழனி மலையில் இதைவிட மோசம். செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, 40 ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் சொல்கிறது. குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளியில்தான். 2018இல் பூத்த குறிஞ்சியைப் பார்க்க வண்டி வண்டியாக மக்கள் போனார்கள். 2030இல் மறுபடி பூக்க வேண்டும். பூக்க இடம் இருக்க வேண்டுமே.

இவ்வளவு பெரிய இழப்பு ஏன் யார் கண்ணிலும் படவில்லை? நம் கணக்குப் புத்தகத்தில் அது இழப்பாகவே எழுதப்படவில்லை, அதனால்தான். இரண்டாண்டுக்கு ஒருமுறை மத்திய அரசு காட்டுப் பரப்புக் கணக்கு வெளியிடுகிறது. அதில் காடு என்றால் என்ன? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், மேலிருந்து பார்த்தால் பத்தில் ஒரு பங்காவது மரத்தலை மூடியிருக்க வேண்டும். அவ்வளவுதான். யார் நிலம் என்று பார்ப்பதில்லை, என்ன மரம் என்றும் பார்ப்பதில்லை. இந்த அளவுகோலில் தைலமரத் தோப்பு காடு. தென்னந்தோப்பும் காடு. நான் கையை விட்டு ஈரம் பார்த்தேனே, அந்த முக்குர்த்திப் புல்வெளி? அதில் மரம் இல்லை. காட்டுப் பரப்பில் அது சேராது. புல்லைச் சீகை மூடினால் கணக்கில் காடு கூடுகிறது! சீகையைப் பிடுங்கிப் புல்லை மீட்டால் கணக்கில் காடு குறைகிறது! இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு எந்த அதிகாரி துணிந்து சீகையைப் பிடுங்குவார்?

காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 சதவீதம் ஆக்குவோம் என்று 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கினார்கள். நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஊர்ப் பொது இடத்திலும் சாலையோரத்திலும் நம் வயல் வரப்பிலும் நாட்டு மரம் நடட்டும், வரவேற்கிறேன். ஆனால் 33 என்ற எண்ணைத் துரத்திக்கொண்டு யாராவது ஒரு புல்வெளியில் கடப்பாரை வைத்தால், அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவது நம் கடமை.

இந்தக் கணக்குப் புரட்டு மலையோடு நிற்கவில்லை. கிரேட் நிகோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுத்துக்கொள்ள 2022இல் ஒப்புதல் கொடுத்தார்கள். அதற்கு ஈடாகக் காடு வளர்க்கக் காட்டிய இடம் எது தெரியுமா? ஹரியானா. கடல் நடுவே, ஆமை முட்டையிடும் கரையோரம், மனிதன் நடாத மரங்கள் நிற்கிற காட்டுக்கு ஈடு, வடக்கே வறண்ட நிலத்தில் நட்ட கன்று. ஈடு என்ற சொல்லுக்கே இது அவமானம். தாயைக் கொன்றுவிட்டுக் குழந்தைக்குத் தொட்டில் வாங்கித் தருவதற்குப் பேர் ஈடா?

சட்டத்திலும் இதே வேலை நடந்திருக்கிறது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏட்டில் எப்படி எழுதியிருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்று சொன்னது. அந்த ஒரு வரி எத்தனையோ காட்டைக் காப்பாற்றியது. 2023இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பதிவேட்டில் காடு என்று ஏறாத நிலத்துக்கு அந்தக் காவல் இல்லை என்று கதவைத் திறந்தார்கள். வழக்குப் போனது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இப்போதைக்குப் பழைய பொருளையே பின்பற்றுங்கள் என்று இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்காலம் என்றால் என்ன என்று வாய்தா வாய்தாவாக அலைந்த உங்களுக்குத் தெரியும். பதிவேட்டில் ஏறாத காடு உங்கள் ஊரிலும் இருக்கும். கோயில் காடு இருக்கும், கரட்டுப் புறம்போக்கு இருக்கும். அதற்குச் சர்வே எண் என்ன, பதிவேட்டில் என்ன பேரில் இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்து வைத்திருக்கிறீர்கள்?

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். முதல் வேலை, பிடுங்குவது. நடுவதைவிடக் கடினமான வேலை இது.

உண்ணிச்செடியை உங்களுக்குத் தெரியும். பூ அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து தோட்டத்தில் வைத்தது. இன்று சத்தியமங்கலத்திலும் முதுமலையிலும் பந்திப்பூரிலும் காட்டின் தரையையே மூடிக்கிடக்கிறது. அதன் கீழே புல் முளைக்காது. யானைக்குப் புல் வேண்டும். ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். புல் இல்லாத யானை எங்கே வரும்? தாளவாடியில் உங்கள் மக்காச்சோளத்துக்கு வரும், வாழைக்கு வரும். காராப்பள்ளம் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் கரும்பு லாரியை மறித்து யானை நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குட்டியோடு வந்து தும்பிக்கையை நீட்டி நிற்கும். அதை வேடிக்கை என்று செல்போனில் படம் பிடிக்கிறோம். அது பசி, நண்பர்களே. காட்டுக்குள் சோறு கிடைக்காத ஒரு குடும்பம் சாலையோரம் கையேந்தி நிற்கிறது.

இந்த இடத்தில் நம்மையும் நான் விடமாட்டேன். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் செத்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த வேலியைப் போட்டவர் வேற்று நாட்டுக்காரர் இல்லை, நம்மைப் போல ஒரு விவசாயி. பயிர் போன வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும். நானும் மண்ணில் உழைக்கிற குடும்பம்தான். ஆனாலும் அந்தக் கம்பிக்கு நியாயம் கிடையாது. நஷ்ட ஈடு உடனே வேண்டும், உரிய தொகை வேண்டும் என்று கேளுங்கள், உங்களோடு நானும் வந்து உட்காருகிறேன். வீட்டு லைனைக் கம்பியில் மாட்டுகிறவரோடு உட்கார மாட்டேன். மாட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தென்னாட்டில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டி வாழும் முக்கியமான இடம் நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. வலி மருந்தான டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. மாட்டுக்கு அந்த மருந்தை 2006இலேயே தடை செய்துவிட்டார்கள். மனிதருக்கு என்று விற்பதை வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள்.

உண்ணிக்கு வருகிறேன். அதை அரிவாளால் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். இழுத்துப் பிடுங்கினால் தரை பிளந்து, கிடந்த விதையெல்லாம் முளைக்கும். அதை ஒழிக்க ஒரு பக்குவம் இருக்கிறது. தூரின் அடியில் மண்ணை லேசாக விலக்கி, தரைக்குக் கீழே இரண்டு விரற்கடை ஆழத்தில் மூல வேரைக் குந்தாலியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். பிறகு புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானத்தைப் பார்க்க விட்டுவிட வேண்டும். வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்து சாகும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி. ஆர். பாபு பழக்கப்படுத்திய முறை இது. காய் பழுப்பதற்கு முன் செய்ய வேண்டும், அடுத்த மழைக்கு மறுபடி போய் முளைத்ததைக் கைக்களையாக எடுக்க வேண்டும், அதற்கடுத்த ஆண்டும் போக வேண்டும். வெட்டிய இடத்தில் நாட்டுப் புல் வர வேண்டும். ஒரு நாளில் ரிப்பன் வெட்டி முடிக்கிற வேலை இல்லை. விழா எடுக்க முடியாத வேலை. அதனால்தான் அதற்கு ஆள் வருவதில்லை, பணமும் வருவதில்லை.

சீகைக்கும் மஞ்சள் கொன்றைக்கும் சீமைக்கருவேலத்துக்கும் தனித்தனிப் பக்குவம் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே நாளில் மொட்டையடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். கொடைக்கானலில் சில இடங்களில் பழைய சீகை மரங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக எழுவதை, அங்கேயே தங்கி உழைத்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அங்கே பொறுமையாக இருக்க வேண்டும். புல்வெளி ஓரத்தில் புதிதாக ஏறிவரும் சீகையை இன்றே பிடுங்க வேண்டும். எது எங்கே என்று தெரிந்தவர் கையில்தான் குந்தாலி இருக்க வேண்டும். அந்நியக் களைகளை அகற்ற 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் விடாமல் கேள்வி கேட்டு வருகிறது. நல்லது. அந்த வேலையின் கூலி யாருக்குப் போகிறது? வெளியூர் ஒப்பந்தக்காரரின் பொக்லைனுக்கா, அந்தக் காட்டிலேயே பிறந்தவர்களின் கைக்கா?

இங்கேதான் நான் வந்த காரியத்தின் மையத்துக்கு வருகிறேன். காட்டைத் தெரிந்தவர்களைக் காட்டுக்கு எதிரியாக்கிவிட்டு எந்தக் காட்டையும் காக்க முடியாது.

சோளகர்கள் ஒரு காலத்தில் தை, மாசியில், தரைச் சருகு லேசாகக் காய்ந்து, காற்று அடங்கியிருக்கிற நேரமாகப் பார்த்துச் சின்னத் தீ வைப்பார்கள். சருகுத் தீ. கணுக்கால் உயரத்துக்கு எரிந்து அணைந்துவிடும். புல் புதிதாகத் தழைக்கும், உண்ணி தலையெடுக்காது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறாது. காட்டைச் சரணாலயமாக்கி, தீ வைப்பது குற்றம் என்று நிறுத்தினார்கள். உண்ணி ஆள் உயரத்துக்கு எழுந்தது. பிலிகிரி ரங்கசாமி மலையில் ஆய்வு செய்தவர்களிடம் சோளகப் பெரியவர்கள் இதைத்தான் சொன்னார்கள், ஆய்வாளர்களும் ஏட்டில் ஏற்றினார்கள். இன்று அந்தப் புதர் நிற்கும் காட்டில் தீ விழுந்தால் அது மரத்தின் உச்சிக்கு ஏறும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததை டிவியில் பார்த்தோமே. ஆகவே நாளைக்கே தீப்பெட்டியை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. புதரை ஒழித்த பிறகு, எங்கே, எப்போது, எவ்வளவு என்று தெரிந்தவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

பழங்குடிக்குப் பட்டா கொடுத்தால் காடு அழிந்துவிடும் என்று படித்தவர்கள் பேசுகிறார்கள். அவர்களுக்கு என் பதில் இதோ. சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகம் ஆனது. 1,408 சதுர கிலோமீட்டர். புலி இரட்டிப்பானதற்காக 2022இல் பன்னாட்டு விருதும் கிடைத்தது. அந்தப் புலி பெருகிய ஆண்டுகள் முழுவதும் சோளகரும் ஊராளியும் இருளரும் அந்தக் காட்டுக்குள் இருந்தார்களா இல்லையா? தேன் எடுத்தார்களா இல்லையா? சீமாறு அறுத்தார்களா இல்லையா? புலி அவர்களோடுதான் பெருகியது. மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசாமி மலையில், 2011இல் சோளகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படி உரிமை பெற்ற முதல் மக்கள் அவர்கள். அங்கேயும் புலி ஓடிப்போய்விடவில்லை.

காட்டைக் காப்பாற்றுகிறோம் என்ற பேரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த மலையடிக் கிராமத்துக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள், தானியத்தை அழித்தார்கள். 269 பேர் மீது வழக்கு. தீர்ப்பு வர 2011 ஆனது. உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோர் ஆண்டு! சந்தனக் கடத்தலில் கோடி பார்த்தவர்கள் யார் வீட்டிலும் அப்படி யாரும் நுழையவில்லை. காட்டில் இருந்த ஏழையின் கதவுதான் உடைக்கச் சுலபமாக இருந்தது.

வனத்துறையில் உழைக்கும் கடைசி வரிசைக்காரர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் இந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள். வேலை நிரந்தரம் இல்லாமல், ராத்திரியில் யானைக்கு முன்னால் டார்ச் விளக்கோடு நிற்கிறவர்கள். காடு இன்னும் மிச்சம் இருப்பதற்கு அவர்கள் ஒரு காரணம். அவர்களை நிரந்தரம் ஆக்குவதும் காட்டைக் காக்கும் வழிதான்.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதில் வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் மட்டும் உரிமை இல்லை. தன் ஊர்க் காட்டைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை இருக்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2016 வரை பட்டா வழங்கல் முடங்கிக் கிடந்தது. தடை விலகிய பிறகும் வேலை நத்தை மாதிரி நகர்கிறது. தனிப் பட்டா கொஞ்சம் கொடுக்கிறார்கள். சமூக உரிமை என்றாலே அலுவலகத்தில் கோப்பு மூடிக்கொள்கிறது.

கிராம சபைத் தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்கள் அரிட்டாபட்டியைப் பாருங்கள். மதுரை மாவட்டம் மேலூர் பக்கம். ஏழு குன்று, சுனைகள், பழைய குடைவரைக் கோயில். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டார்கள். ஊர் ஊராகக் கிராம சபை கூடியது. தீர்மானம் போட்டார்கள், கடை அடைத்தார்கள், மதுரைக்கு நடந்தே போனார்கள். சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே யாரும் ஒரு கன்றும் நடவில்லை. நின்றிருந்ததைத் தொடாதே என்றார்கள். அதுதான் காடு காப்பது.

அதனால் இந்தக் கூட்டத்திலிருந்து நீங்கள் எடுத்துப் போக ஒரு தாள் தருகிறேன். கன்று கொடுத்த மேசைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. கிராம சபையில் வைக்க வேண்டிய தீர்மானம். மலை ஊர்களுக்கு ஒன்று, ஆயக்கட்டு ஊர்களுக்கு ஒன்று. மலை ஊர்த் தீர்மானம் சமூக வன உரிமையைக் கேட்கிறது, உண்ணி அகற்றும் வேலையை அந்தந்த ஊர் மக்களுக்கே கூலியோடு கொடுக்கச் சொல்கிறது. ஆயக்கட்டு ஊர்த் தீர்மானம், நீலகிரிப் புல்வெளியைக் காட்டுக் கணக்கில் புல்வெளியாகவே தனியாக எழுதச் சொல்கிறது, அங்கே இனி எந்த மரமும் நடக் கூடாது என்கிறது, நம் ஊர் எல்லையில் பதிவேட்டில் ஏறாத காட்டையெல்லாம் சர்வே எண்ணோடு பட்டியல் எடுக்கச் சொல்கிறது. அந்தப் பட்டியலுக்கு இடம் காலியாக விட்டிருக்கிறேன். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. காலையிலேயே போய் முன்வரிசையில் உட்காருங்கள், தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், இப்போது கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று யாராவது புத்தகத்தை நீட்டினால் போடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'புல்வெளி' என்ற சொல் அதில் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.